முதலில் கேட்க வேண்டும்



மதுரையில் நின்று நியாயம் பேசுகிறவன் கண்ணகியைக் கடந்து போக முடியாது. அவள் சிலம்பை உடைத்ததைப் பற்றி ஆயிரம் மேடைகளில் பேசியாயிற்று. அதற்கு முந்தின பொழுதை நினைத்துப் பாருங்கள். பொற்கொல்லன் சொன்னான், மன்னன் ஆணையிட்டான், காவலன் வாளை வீசினான். கோவலனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிலம்புக்குள் இருப்பது முத்தா, மாணிக்கமா என்று பார்த்ததெல்லாம் அவன் தலை விழுந்த பிறகு. அந்த விசாரணை நேர்மையாகத்தான் நடந்தது. வாயிலோன் தடுக்கவில்லை, அரசன் முழுவதும் கேட்டான், தன் பிழையை ஒப்பி உயிரையே விட்டான். ஆனால் கோவலனுக்கு அதனால் என்ன பயன்? கேட்டார்களா என்பதோடு, எப்போது கேட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் நியாயத்தை அளக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

இணையம் பிறந்த புதிதில் உலகம் முழுவதும் ஒரு நம்பிக்கை இருந்தது. இனி சாமானியனின் குரல் ஆட்சியாளன் காதுக்கு நேராகப் போய்விடும் என்றார்கள். 1994 நவம்பரில் அமெரிக்க அரசின் தொலைத்தொடர்புத் துறை, தொலைபேசியும் இணையமும் எல்லார்க்கும் கிடைப்பது எப்படி என்று இணையத்தின் வழியாகவே மக்களிடம் கருத்துக் கேட்டது. வீட்டில் கணினி இல்லாதவர்கள் நூலகம் போன்ற பொது இடங்களில் உட்கார்ந்து கருத்தை அனுப்பலாம் என்று ஏற்பாடும் செய்தது.

அந்த நம்பிக்கை ஏழே ஆண்டில் மதுரைப் பக்கத்து நம் மேலூருக்கு வந்தது. இளைய பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. 2001-இல் மேலூர் வட்டத்துக் கிராமங்களில் இன்டர்நெட் சென்டர்கள் திறந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யும், அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்.ஐ.டி. பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்திய 'சாரி' என்ற திட்டம் அது. ஐ.ஐ.டி.யில் உருவாக்கிய 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில், நொடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையம் வந்தது. இன்று ஒரு புகைப்படம் திறக்கக்கூட அந்த வேகம் போதாது. அந்த வேகத்தில்தான் கிராமத்துப் பாட்டியின் கண்ணைப் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பிறப்புச் சான்று, இறப்புச் சான்று, முதியோர் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கான மனுக்கள் மின்னஞ்சலில் அரசு அலுவலகத்துக்குப் போயின. பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டு, வாசலில் காத்துக் கிடந்து கொடுத்த மனு, ஊரிலிருந்தே போயிற்று. சென்டர் வந்த ஊர்களிலிருந்து மனுக்கள் கூடின என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதாவது, அதுவரை உரிமை இருந்தும் கேட்காமல் இருந்தவர்கள் கேட்கத் தொடங்கினார்கள்!

அந்தச் சேவை ஏன் நீடிக்கவில்லை? அதே ஆய்வாளர்கள் காரணத்தையும் எழுதினார்கள். ஆர்வத்தோடு முன்னின்ற அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். அடுத்து வந்தவருக்கு அந்த மின்னஞ்சலைத் திறந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மனு போய்க்கொண்டிருந்தது, பதில் நின்றுபோனது. பதில் வராத இடத்துக்கு எத்தனை நாள் மனுப் போடுவார்கள்? ஆக, அங்கே தோற்றது கருவி இல்லை. பதில் சொல்லும் கடமையை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை.

சட்டத்தில் எழுதி வைத்த கேட்பு ஒன்று நம் நாட்டில் உண்டு. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. பெரிய சுரங்கமோ ஆலையோ வருமானால், அந்த இடத்திலோ அருகிலோ மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 30 நாள் முன்பே அறிவிக்க வேண்டும். கலெக்டரோ, அவர் சார்பில் உயர் அதிகாரியோ தலைமை ஏற்க வேண்டும். பேசியதையெல்லாம் படம் பிடிக்க வேண்டும். முடிவில், கூடியிருப்பவர்களுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். குறைகள் எத்தனையோ உண்டு, ஆனாலும் படிக்காத ஒரு தாய் மைக்கைப் பிடித்து 'இது என் கண்மாய்' என்று சொன்னால், அது அரசுக் கோப்பில் ஏறும்.

அந்த 2006 அறிவிக்கைக்குப் பதிலாக 2020-இல் புதிய வரைவு ஒன்று வந்தது. 30 நாள் அவகாசம் 20 நாளாகும் என்றது அந்த வரைவு. ஊரடங்கில் நாடே முடங்கிக் கிடந்தபோது, இங்கிலீஷிலும் இந்தியிலும் வெளியிட்டுவிட்டு மின்னஞ்சலில் கருத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்க வேண்டும் என்று 2020 ஜூன் 30-ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழில் கேளுங்கள் என்று சொல்ல ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது, அதையும் எதிர்த்து மத்திய அரசு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று! ஆனாலும் லட்சக்கணக்கில் கருத்துகள் குவிந்தன. அந்த வரைவு இன்றுவரை இறுதி அறிவிக்கையாக வரவில்லை.

இப்போது மறுபடியும் மேலூருக்கு வருகிறேன். 2024 நவம்பர் 7-ஆம் தேதி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க வட்டாரத்துக்கு ஏலதாரர் தேர்வாகிவிட்டார் என்று செய்தி வந்தது. 2,015 ஹெக்டேர். அதற்குள் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் இருந்தன. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசே அறிவித்த மண் அது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 ஊற்றுகள், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, பாண்டியர் குடைவரை எல்லாம் அங்கே இருக்கின்றன.

ஏலத்துக்கு முன் அந்த ஊர்களில் யாரிடம் கேட்டார்கள்? மாநிலம் உரிய நேரத்தில் ஆட்சேபிக்கவில்லை என்றது மத்திய அரசு. 2023-லேயே கடிதம் எழுதினோம் என்றது மாநில அரசு. யார் யாருக்கு எழுதினார்கள் என்று இரண்டு அரசுகளும் வழக்காடின. அரிட்டாபட்டிக்கு யாரும் ஒரு வரி எழுதவில்லை, ஐயா. கருத்துக் கேட்பு பிறகு வரும் என்றால், ஏலம் முடிந்து, கம்பெனி கணக்குப் போட்டு, அனுமதி கேட்கும் கட்டத்தில் வந்து என்ன செய்ய? கோவலன் தலை விழுந்த பிறகு நடக்கும் விசாரணைதானே அது?

மேலூர் மக்களே, நீங்கள் சும்மா இருக்கவில்லை. நவம்பர் 23-ஆம் தேதி கிராமசபைகளில் தீர்மானம் போட்டீர்கள். டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் வரை கூட்டம் கூட்டமாக நடந்தீர்கள். மத்திய அரசுக்கு மதுரையில் இருக்கும் வாசல்களில் ஒன்று அஞ்சலகம் என்று அந்த வாசலைத் தேடிப் போனீர்கள். ஜனவரி 23-ஆம் தேதி ஏலம் ரத்தானது. வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது உண்மை. ஆனால் டெல்லி கேட்டது உங்கள் காலடியைத்தான்.

இந்த வெற்றியோடு பேச்சை முடித்துவிட்டால் நான் உங்களுக்கு உண்மையாக இருந்தவன் ஆகமாட்டேன். 2025 செப்டம்பர் 8-ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமம், முக்கியக் கனிமம் எடுக்கும் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு. நாட்டின் பாதுகாப்புத் தேவை என்று காரணம் சொல்கிறார்கள். அந்த முக்கியக் கனிமப் பட்டியலில் டங்ஸ்டனும் இருக்கிறது. தாமதமாக நடக்கும் விசாரணை என்று இதுவரை குறை சொன்னோம். இனி அந்தத் தாமத விசாரணையும் இல்லை என்கிறார்கள். நாட்டுக்குத் தாதுப்பொருள் வேண்டும், மறுக்கவில்லை. அதற்காக நிலத்துக்காரனின் வாயைக் கட்ட வேண்டும் என்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

கல்லூரிப் பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் 'பரிவேஷ்' என்ற மத்திய அரசு இணையதளத்தில் வருகின்றன. உங்கள் தாத்தா அதைப் படிக்க முடியாது, நீங்கள் படிக்கலாம். மதுரை, சிவகங்கை, திண்டுக்கல் என்று தேடுங்கள். நம் மண்ணைப் பற்றி ஏதாவது வந்தால் தமிழில் எழுதி ஊர்ச் சாவடியில் ஒட்டுங்கள், டீக்கடையில் படித்துக் காட்டுங்கள்.

பெரியோர்களே, தாய்மார்களே, நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர் போங்கள். செப்டம்பர் 8 குறிப்பாணையைத் திரும்பப் பெற வேண்டும், ஏலத்துக்கு முன்பே எங்களைக் கேட்க வேண்டும், ஆவணங்களைத் தமிழில் தர வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கண்ணால் பார்த்துக் கையெழுத்திடுங்கள். நகலைப் பதிவுத் தபாலில் டெல்லிக்கு அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.