ஏற முடியாத தேர்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பிளாஸ்டிக் கார். கடையிலே செய்து முடித்து விற்கும் பொம்மைக் காரைச் சொல்லவில்லை. பெட்டிக்குள்ளே துண்டு துண்டாக வரும். வாங்கியவர்தாம் வெட்டி, தேய்த்து, ஒட்டி, வர்ணம் பூசி முடிக்கவேண்டும். அத்தகைய மாதிரிக் காரையே சொல்கிறேன். இலக்கிய உரையிலே இதற்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நம்முடைய இலக்கியத்திலே இதற்கு இரண்டாயிரம் ஆண்டுக்கால இடம் உண்டு என்பதே என் பதில்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையை எண்ணிப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்ன வந்த கோழியை விரட்ட, ஒரு பெண் தன் பொற்குழையைக் கழற்றி எறிகிறாள். அந்தக் குழை, பிள்ளைகள் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறிக்கிறது. அதே புலவர் பெரும்பாணாற்றுப்படையில் உழவர் ஊருக்குப் போகிறார். அங்கே தச்சர் செய்த சிறுதேரை உருட்டிக் களைத்த பிள்ளைகள் பால் குடித்து உறங்குகிறார்கள். குறுந்தொகை 61ஆம் பாட்டில் தும்பிசேர்கீரனார் இன்னும் ஒருபடி மேலே போகிறார். தச்சன் செய்த சிறுதேரில் பிள்ளைகள் ஏறிச் செல்ல முடியாது. ஆனாலும் கையால் இழுத்து இன்பம் காண்கிறார்கள். அதுபோலத் தலைவனோடு கூடி இன்பம் பெறாவிட்டாலும், அவனோடுள்ள நட்பினால் எங்கள் வளை கழலவில்லை என்கிறாள் தோழி. பிற்காலத்திலே ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவமாகவே சிறுதேர் நிலைபெற்றுவிட்டது.

ஏற முடியாத தேரிலும் இன்பம் உண்டு என்பது குறுந்தொகை கண்ட உண்மை. மலையகத்தில் பிறந்த எனக்கு அந்தப் பாட்டைப் படிப்பிக்கும்போதெல்லாம் வேறொரு நினைவும் வரும். எங்கள் தோட்டங்களில் கார் என்பது பல தலைமுறைக்கு ஏற முடியாத தேராகவே இருந்தது. அது பங்களாவுக்குப் போகும், லயத்துக்கு வராது. பாதையோரமாக ஒதுங்கி நின்று அதைப் பார்த்த பிள்ளைகள், டின்பால் டப்பாவை வெட்டி, தேய்ந்த றப்பர் செருப்பிலே சக்கரம் அறுத்து, ஈர்க்கிலை அச்சாக்கித் தங்கள் காரைத் தாங்களே செய்துகொண்டார்கள். சங்ககாலப் பிள்ளைக்குத் தேர் செய்து கொடுக்கத் தச்சன் இருந்தான். லயத்துப் பிள்ளை தானே தச்சனாக வேண்டியிருந்தது.

இனி பிளாஸ்டிக் காருக்கு வருவோம். நிக்கலஸ் கோவ் என்ற ஹங்கேரியர் இங்கிலாந்தில் 1939இல் ஏர்பிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் காற்றடைத்த றப்பர் பொம்மைகளையே செய்தார். 1940களின் இறுதியில், பெர்குசன் டிராக்டரை விற்கும் முகவர்களின் கையில் கொடுப்பதற்காக அந்த டிராக்டரின் சிறிய மாதிரி ஒன்று அங்கே செய்யப்பட்டது. அதைத் துண்டுகளாகவே கடையில் விற்றால் கோக்கும் செலவு மிச்சம் என்று பிறகு கண்டார்கள். 1952இல் கோல்டன் ஹைண்ட் என்ற பழைய கப்பலின் மாதிரி, பைக்குள் அடைத்த துண்டுகளாக விற்பனைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே பழைய கார்களின் மாதிரிகளும் வந்தன. அமெரிக்காவில் ஏ. எம். டி. நிறுவனம் 1958 முதல், ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாகக் கட்டக்கூடிய கார்களை வெளியிட்டது.

அன்று சிறுவர்கள் அவசரத்தில் ஒட்டிய கார்களைத்தான் இன்று பெரியவர்கள் தேடிச் சேர்த்துப் புதுப்பிக்கிறார்கள். புதிய பெட்டியைக் கட்டுவதைவிடப் பழையதைச் சீராக்குவது கடினம். பொலிஸ்டைரீன் என்ற அந்தப் பிளாஸ்டிக்கை ஒட்டும் பசை, இரண்டு துண்டுகளின் மேற்பரப்பையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். ஆகவே பழைய ஒட்டைப் பிரிக்கப் பொறுமை வேண்டும். சிலர் காரைக் குளிரூட்டியின் உறைபெட்டியில் வைத்து, குளிரில் பசை நொறுங்கும் தன்மை பெற்றதும் மெல்லப் பிரிப்பார்கள். தடித்த பழைய வர்ணத்தைப் பிரேக் எண்ணெயில் ஊறவைத்துக் கழற்றுவார்கள். வளைந்த துண்டைச் சூடான நீரில் இட்டு நிமிர்த்துவார்கள். மென்மையான ரயர் பல ஆண்டுகள் சக்கரத்தோடு ஒட்டிக் கிடந்தால், ரயரிலுள்ள எண்ணெய்ப்பசை கசிந்து சக்கரத்தையே அரித்திருக்கும். அந்த இடத்தை மக்கு நிரப்பி, காய்ந்தபின் தேய்க்கவேண்டும். எங்கள் கந்தப்பளையிலோ மூடுபனிக் காலத்தில் ஒரு பூச்சு வர்ணம் காயவே இரண்டு நாள் எடுக்கும்.

இவற்றையெல்லாம் கைப்பழக்கத்தால் கற்றுவிடலாம். காணாமற்போன துண்டுக்கு என்ன செய்வது? அதுதான் பெரிய கேள்வி. பழைய பெட்டி எதிலும் ஏதாவது ஒன்று குறையும். கண்ணாடியோ கதவுப்பிடியோ சாரதியின் உருவமோ இருக்காது. கையில் கிடைத்த எதையாவது பொருத்தி, வர்ணம் பூசி மறைத்துவிடலாம். பார்ப்பவருக்குத் தெரியாது. ஆனால் அது அந்தக் கார் ஆகாது.

தமிழ் படித்தவனுக்கு இது புதிய சங்கடம் அன்று. உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். நான் முன்னே சொன்ன இரண்டு சிறுதேர்களும் நமக்கு அந்நூலிலிருந்து கிடைத்தவையே. அதற்காகச் சுவடிகளை ஒப்பிட்டபோது, குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் மலர்களின் வரிசையிலே சில பெயர்கள் சிதைந்து கிடந்தன. மலர்ப் பெயர்களுக்கா தமிழில் பஞ்சம்? ஓசைக்குப் பொருந்த நாலு பெயரை இட்டு நிரப்பியிருக்கலாம். ஐயர் அதைச் செய்யவில்லை. தேடித்தேடித் தருமபுரம் ஆதீனத்துச் சுவடியொன்றிலே உதிர்ந்த அந்த மலர்களைக் கண்டெடுத்தார். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த நம் சி. வை. தாமோதரம்பிள்ளையும் இதே வழியில் பாடுபட்டவர்தாம்.

காணாமற்போன துண்டு எங்கோ ஒருவரிடம் இருக்கிறது என்று நம்பித் தேடுவதே பதிப்பாசிரியரின் அறம். மாதிரிக் காரிலும் அந்த அறம் உண்டு என்பதை நான் ஒரு பழைய மாணவனின் வீட்டிலே கண்டேன்.

அவனுடைய தந்தையார் தோட்டத்தில் நீண்டகாலம் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவர். பங்களாவிலிருந்து கழித்துவிட்ட சாமான்களோடு ஒரு மாதிரிக் காரும் அவர்கள் வீட்டுக்கு வந்து பல காலம் பரணிலே கிடந்தது. அது மொரிஸ் மைனர்; உண்மைக் காரின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு; நாலரை அங்குலத்துக்குச் சற்று மேல் நீளம். மாணவன் அதைப் பிரித்துச் சுத்தம் செய்து முடித்துவிட்டான். ஸ்டியரிங் சக்கரம் மட்டும் இல்லை. செப்புக் கம்பியை வளைத்து ஒன்று செய்து பொருத்தியிருந்தான். நான் போயிருந்த அன்று அதைத் தந்தையிடம் காட்டினான்.

அவர் சன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது சின்னதா இருக்கு. மைனருக்கு ஸ்டியரிங் பெருசு. இப்படித்தான் வரும்" என்று இரு கைகளையும் மடிக்கு மேலே விரித்துக் காட்டினார். கைகள் அந்தரத்தில் ஒரு வட்டத்தைப் பிடித்து நின்றன. மகன் எழுந்து ஓர் அடிமட்டத்தை எடுத்து அந்தக் கைகளுக்கு இடையே வைத்து அளந்தான். பதினாறு அங்குலம். முப்பத்திரண்டால் பிரித்தால் அரை அங்குலம். "சரியா இருக்கு சேர்" என்றான் என்னைப் பார்த்து. தந்தையார் அதோடு விடவில்லை. ஸ்டியரிங் எவ்வளவு சாய்ந்திருக்கும், மேட்டில் ஏறும்போது எந்தக் கியரில் கார் எப்படி முனகும், மழைநாளில் துரைசாணியை இறக்கிவிட்டு எங்கே நின்று காத்திருப்பார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். அந்தக் கதைகளில் பாதியை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டதாக மாணவன் பிறகு என்னிடம் சொன்னான்.

நேயர்களே, மொரிஸ் மைனரை அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தார், அது 1948இல் வெளிவந்தது, பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது என்பவற்றை எந்த நூலிலும் படிக்கலாம். அந்தக் காரின் உதிரிப்பாகங்களைச் செய்ய 1991இல் இலங்கையிலேயே ஒரு நிறுவனம் தொடங்கி, இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு அவற்றை அனுப்பியதும் பதிவாகியிருக்கிறது. மகாகஸ்தோட்டையில் 1934இல் தொடங்கிய மலையேற்றக் கார்ப் பந்தயத்துக்கும் எழுதப்பட்ட வரலாறு உண்டு. ஆனால் அந்தக் கார்களை நாள்தோறும் கழுவித் துடைத்து, சேற்றிலே தள்ளி, குளிரிலே காத்து நின்றவர்களின் கைக்கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை.

எங்கள் ஊரிலே ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாகப் புத்துயிர் பெற்றது. பழைய கட்டடத்தையும் இயந்திரங்களையும் அழிக்காமல் காத்தது நல்ல காரியமே. 1904 முதல் கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஓடி, 1940களில் நின்றுபோன சிறுபாதை ரயிலைப் பற்றியும் ஆர்வலர்கள் எழுதுகிறார்கள். கட்டடமும் இயந்திரமும் தண்டவாளமும் பெரிய துண்டுகள். அவை எளிதிலே தொலைவதில்லை. அந்த இயந்திரத்தின் முன்னால் இரவு வேலையில் நின்றவர் சிறிய துண்டு. முதலில் காணாமற்போவது அவர்தாம். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுக்காதிருந்தால், அவற்றில் எத்தனை இன்று நமக்குக் கிடைத்திருக்கும்?

மாதிரிக் கார் கட்டுவதைப் பணமுள்ளவரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. சிறிய பொருளைச் சரியாகச் செய்ய முயல்பவன், பெரிய பொருளை அறிந்தவரிடம் போய்க் கேட்டே ஆகவேண்டும். அப்படிக் கேட்கும்போது அளவு மட்டும் கிடைப்பதில்லை. ஒரு வாழ்க்கையும் கூடவே கிடைக்கிறது. அந்தத் தந்தையார் பிறருடைய காரை ஓட்டியே காலம் கழித்தவர். தமக்கென்று ஒரு கார் அவருக்கு இருந்ததில்லை. ஆயினும் அதன் சக்கரம் அவருடைய கைகளிலே இருந்தது.

உங்கள் ஊரிலும் இப்படிப்பட்ட கைகள் இருக்கும். லொறி ஓட்டியவர், கொழுந்து நிறுத்தவர், ரோலர் இயக்கியவர், துரையின் தோட்டத்தில் ரோஜாவைக் கவாத்து வெட்டியவர் என்று பலர் இருப்பர். அவர்களில் பலருக்கு இப்போது வயது எழுபதுக்கு மேல். மாணவர்களாகிய நீங்கள் ஒரு பயிற்சிக் கொப்பியும் முடிந்தால் ஓர் அடிமட்டமும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே அவர்களிடம் போய் உட்காருங்கள். எதையாவது செய்து காட்டச் சொல்லுங்கள். அவர்கள் கையை விரிக்கும்போது அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.