சுவரும் சபையும்: பழைய ஆலயங்களைப் புதுப்பித்தல் பற்றிய சில எண்ணங்கள்



நாம் இன்று கூடியிருக்கும் நிபோங் திபால், கரும்பாலும் பின்னர் ரப்பராலும் வளர்ந்த ஊர். கலிடோனியா முதலிய தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர், தங்கக் குடிசை கிடைத்ததும் அடுத்துத் தேடியது வழிபட ஓர் இடம். மாரியம்மன் கோயிலாயினும் மாதா கோயிலாயினும் தொடக்கம் ஒன்றே: முதலில் ஓலைக்கொட்டகை, பிறகு பலகைச் சுவர், வசதி வந்தபின் செங்கல். மக்கள் பெருகப் பெருகக் கட்டடமும் மாறியது. ஆகவே, கூட்டம் பெருகிவிட்டது, கட்டடமோ பழையது, இனி என் செய்வது என்ற வினா நமக்குப் புதிதன்று. இடித்துக் கட்டுவதா? நீட்டிக் கட்டுவதா? பழையதை விட்டுவிட்டு வேறோர் இடம் தேடுவதா? இவ்வினாவை நம் மாநிலத்து ஆலயங்கள் மூன்றைக் கொண்டு ஆராய்வோம்.

முதலாவது, ஜார்ஜ்டவுன் ஃபார்குவார் தெருவில் உள்ள தூய ஜார்ஜ் ஆலயம். 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கிய பிறகு, ஆங்கிலிக்கன் சபையார்க்கு நெடுங்காலம் சொந்த ஆலயம் இல்லை. கார்ன்வாலிஸ் கோட்டையிலும், பின்னர் நீதிமன்றக் கட்டடத்திலும் வழிபாடு நடந்தது. குடியேற்றம் வளர்ந்து, இரவல் இடம் போதாமற்போனபோதுதான் ஆலயம் எழுந்தது. போதகர் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் காலத்தில், பொறியாளர் கேப்டன் ராபர்ட் ஸ்மித் மேற்பார்வையில் கட்டப்பட்டு 1818இல் நிறைவுற்றது. மறு ஆண்டு கல்கத்தா ஆயர் மிடில்டன் அதனை அர்ச்சித்தார். ஆசிரியர்கள் ஒன்றைக் கருத வேண்டும்: பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் என்னும் புகழ்பெற்ற பள்ளியை 1816இல் நிறுவியவரும் இதே ஹட்சிங்ஸே. வளர்ந்துவரும் ஒரு சமூகம் ஆலயத்தையும் பள்ளியையும் ஒருங்கே நாடியது என்பதற்கு இது சான்று.

அவ்வாலயத்தின் செங்கல்லை அடுக்கியவர்கள் யார்? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். ஆளுநர் பெயரும் போதகர் பெயரும் பொறியாளர் பெயரும் வரலாற்றில் நிலைத்துவிட்டன. சுமந்தவரும் குழைத்தவரும் பூசியவரும் ‘கைதிகள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டனர். அவர்கள் கை பட்டதற்கு எஞ்சியிருக்கும் சான்று அந்தச் சுவர் ஒன்றே. அதைச் சிதைத்தால் ஒரு பதிவேட்டைக் கிழித்ததாகும்.

இக்கட்டடம் கட்டியபடியே இன்றுவரை நின்றதும் இல்லை. முதலில் அதற்குத் தட்டைக் கூரை இருந்தது. நம் ஊர் மழைக்கு அது ஒத்துவராததால், 1864இல் சரிவுக்கூரை அமைத்தனர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் சேதமுற்று, உள்ளிருந்த பொருள்கள் கொள்ளை போயின. 1948இல்தான் மீண்டும் வழிபாடு தொடங்கியது. 2007இல் தேசியப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2009இல் பெரிய அளவிலான சீரமைப்புத் தொடங்கியது. எனவே பாதுகாத்தல் என்பது எதையும் தொடாமல் வைத்திருப்பதாகாது. தேவையான மாற்றத்தைக் காரணம் அறிந்து செய்வதே பாதுகாப்பு. 1864இல் கூரையை மாற்றியோர் மழையைக் கவனித்து மாற்றினர். அதனால்தான் சுவர் பிழைத்தது.

இரண்டாவது ஆலயம் அதே தெருவில் சிறிது தொலைவில் உள்ளது. விண்ணேற்பு அன்னை ஆலயத்தின் கதை, லைட்டின் அழைப்பின் பேரில் கெடாவிலிருந்து வந்த யூரேசியக் கத்தோலிக்கரோடு தொடங்குகிறது. அவர்களுடைய பழைய ஆலயத்தின் நினைவு லெபோ கெரெஜா என்ற தெருப்பெயரில் இன்றும் வாழ்கிறது. ‘கெரெஜா’ போர்ச்சுக்கீசியச் சொல்லின் வழி வந்தது. நாம் நாளும் வழங்கும் ‘ஜன்னல்’, ‘சாவி’, ‘மேசை’, ‘பாதிரி’ ஆகியவையும் அம்மொழி தந்தவையே. ஆலயங்கள் கல்லை மட்டுமன்றிச் சொல்லையும் சேமித்து வைக்கின்றன.

இன்றுள்ள கட்டடம் 1861இல் எழுந்தது. மக்கள் பெருகியபோது, 1928இல் இருபுறமும் பக்கக் கூடங்கள் சேர்த்தனர். முகப்பையும் நடுக்கூடத்தையும் விட்டுவைத்தனர். 1955இல் அது பினாங்கு மறைமாவட்டப் பேராலயமாயிற்று. நகரின் நடுவிலிருந்து மக்கள் புறநகர்க்குப் பெயர்ந்தபின், 2003இல் பேராலயத் தகுதி தூய ஆவி ஆலயத்திற்குச் சென்றது. கூட்டம் என்றும் பெருகிக்கொண்டே இருக்கும் என்று எண்ணி எந்தச் சபையும் கட்டக்கூடாது என்பதை இவ்வாலயம் கற்பிக்கிறது. பெருகிய நாளில் இடித்திருந்தால், குறைந்த நாளில் கையில் என்ன மிஞ்சியிருக்கும்?

மூன்றாவது, புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருத்தலம். அங்குள்ள பழைய ஆலயம் 1888இல் கட்டப்பட்டது. ஜூலை 26ஆம் நாளை ஒட்டிய திருவிழாவுக்கு நாட்டின் எத்திசையிலிருந்தும் தமிழரும் சீனரும் பிறரும் பெருந்திரளாய் வருவதை நம்முள் பலர் நேரில் கண்டிருக்கிறோம். அத்தனை கூட்டத்தை ஒரு பழைய கட்டடம் தாங்காது. அதற்காக அதை அகற்றவில்லை. மினாங்கபாவ் பாணிக் கூரையோடு பெரிய புதிய ஆலயத்தை எழுப்பி 2002இல் திறந்தனர். பழையது தன் இடத்திலேயே நிற்கிறது. முதியவரை வீட்டைவிட்டு அனுப்பாமல், பிள்ளைகளுக்குப் பக்கத்தில் மனை எடுத்துத் தந்ததைப் போன்றது அது.

கூரையை மாற்றுதல், பக்கத்தில் நீட்டுதல், அருகே புதிது எழுப்புதல் என மூன்று விடைகளைக் கண்டோம். மூன்றிலும் பொதுவானது அவசரமின்மை. பழைய ஆலயத்திற்குப் புறக்கணிப்பு ஒரு பகை என்றால், அவசர அன்பு மற்றொரு பகை. திருவிழாவுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று எண்ணும் அன்பர் ஒருவர் சிமெண்டு மூட்டைகளைக் காணிக்கையாக இறக்குவார். மற்றொருவர் தரைக்குப் பளிங்கு ஓடு பதிக்கச் சொல்வார். நோக்கம் நல்லது, விளைவு தீது.

காரணத்தை எளிதாய்ச் சொல்லலாம். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தது. நிலத்து ஈரம் அதில் மெல்ல ஏறும். சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். அதன்மேல் சிமெண்டுப் பூச்சும் நெகிழி வண்ணமும் ஏறினால் ஈரம் வெளியேற வழியில்லை. உள்ளே தங்கும் நீர் உப்பையும் கரைத்துக்கொண்டு மேலே ஏறுகிறது. அந்த உப்பு செங்கல்லின் உள்ளே படிகமாகும்போது கல் பொடிப்பொடியாய் உதிர்கிறது. கடற்காற்று வீசும் பினாங்கில் இக்கேடு இன்னும் விரைவாய் நிகழும். சுண்ணாம்போ, காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாகும் பொருள். அதற்குக் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

இவ்வறிவு நமக்கு அயலானதன்று. தமிழ்நாட்டுக் கொத்தர்கள் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி நீரும் சேர்த்துக் காரை குழைத்தனர். மேற்பூச்சுக்கு முட்டை வெண்கருவும் கூட்டிக் கண்ணாடிபோல் மினுக்கினர். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்கள் அதற்குச் சான்று. கரணை, தூக்குக்குண்டு, ரசமட்டம், மணியாசுக் கட்டை என்று கருவிக்கொரு பெயர் உண்டு. நீற்றுதல், புளிக்கவைத்தல், குழைத்தல், மெழுகுதல் என்று செயலுக்கொரு சொல் உண்டு. இன்று நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இச்சொற்களை அறிவர்? தொழில் மறையும்போது சொல் மறைகிறது. சொல் மறைந்தால், பழைய சுவரைப் பார்த்து என்ன குறை என்று சொல்லவும் நமக்கு நா இராது. மொழி மன்றத்தின் மேடையில் ஆலயச் சுவரைப் பற்றிப் பேச வந்ததன் காரணம் இதுவே.

ஆதலால், தம் ஆலயத்தைப் புதுப்பிக்க எண்ணும் எந்தச் சபையும் முதலில் ஏணியையோ உளியையோ எடுக்க வேண்டா. ஏட்டை எடுக்கட்டும். எந்தப் பகுதி எப்போது கட்டப்பட்டது, எவ்விடத்தில் நீர் கசிகிறது, எந்தக் கதவு முதலிலிருந்தே உள்ளது என்று எழுதட்டும், படம் எடுக்கட்டும், முதியோரைக் கேட்கட்டும். கூரையையும் நீர்த்தாரையையும் முதலில் செப்பனிடட்டும். நீர் நின்றால் பாதி நோய் தீரும். பிறகு, துறையறிந்தவரின் துணையோடு சுவருக்கு வரட்டும். அழகுபடுத்தல் கடைசியில் வரட்டும்.

மாணவர்களே, உங்களுக்கும் இதில் பணி உண்டு. உங்கள் ஊரின் பழைய கோயில், ஆலயம், பள்ளிவாசல், தோட்டப் பள்ளி இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் நீள அகலத்தை அளந்து வரையுங்கள். அதைக் கட்டியவர்கள், பூசியவர்கள், விளக்கேற்றியவர்கள் யார் என்று பாட்டியிடமும் தாத்தாவிடமும் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லாலேயே எழுதிவையுங்கள். தூய ஜார்ஜ் ஆலயத்தைக் கட்டிய கைகளுக்குப் பெயர் எழுத அன்று எவரும் இல்லை. நம் ஆலயங்களை இன்று தாங்கும் கைகளுக்கு அக்குறை நேராமல் காப்பது நம் கடன்.