கடல் கடந்து செல்லும் நூலகர்



1924ஆம் ஆண்டில் உலகின் இரு வேறு திசைகளில் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. ஜெனீவா நகரிலே, சர்வதேச சங்கத்திலும் சர்வதேசத் தொழில் நிறுவனத்திலும் பணியாற்றியோரின் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை தொடங்கப்பெற்றது. பல தேசத்துப் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ்ப் பயிலும் சர்வதேசப் பாடசாலை மரபுக்கு அது முன்னோடியாயிற்று. அதே ஆண்டின் தொடக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகக் கணித ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்றார். திருஞானசம்பந்தர் பிறந்த சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த இரா. அரங்கநாதனே அவர்.

அந்நாளில் ஒன்றற்கொன்று தொடர்பின்றி நிகழ்ந்தவை இவை. இன்றோ, அயல்நாட்டுச் சர்வதேசப் பாடசாலையொன்றில் நூலகராகப் பணி தொடங்கும் இளைஞர் ஒவ்வொருவர் வாழ்விலும் இவ்விரண்டும் வந்து கூடுகின்றன.

அரங்கநாதனுக்குப் புதிய பதவி முதலில் இனிக்கவில்லை. மாணவர் குரல் நிறைந்த வகுப்பறைக்குப் பழகிய அவருக்கு, ஆளரவமற்ற நூலகம் சிறையாகவே தோன்றிற்று. சில நாள்களுக்குள் தம் பழைய கல்லூரிக்கே சென்று, ஆசிரியப் பணியைத் திரும்பத் தருமாறு வேண்டினார். இலண்டன் சென்று நூலகக் கல்வி பயின்று வரும்படியும், அதன் பின்னரும் மனம் ஒப்பாவிடில் திரும்பி வரலாம் என்றும் அவருக்குக் கூறப்பட்டது. அங்கே அவர் கண்டது வேறோர் உலகம். சிறுவர், பெண்கள், தொழிலாளர் என எல்லா வகையினரும் நூலகத்தைத் தம் உடைமையாகக் கொண்டு பயன்படுத்துவதைக் கண்டார். 1925இல் நாடு திரும்பிய பின் நூலகத்தை விட்டு விலக அவர் எண்ணவேயில்லை. 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். 1933இல் கோலன் பகுப்பு முறையைத் தந்தார். நூல் பூட்டி வைப்பதற்குரிய பொருளன்று. தேடி வருபவர் கையில் விரைந்து சேர வேண்டியது என்பதே அவர் கொள்கையின் சாரம்.

இச்செய்தி சப்பிரகமுவை மலைகளில் வாழ்வோருக்குத் தனியொரு பொருளுடையது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே லயங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நூலகம் என்பது நெடுங்காலம் கேள்விப்பட்ட ஒன்றாகவே இருந்தது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிக்க வேண்டுமென 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட நிருவாகத்தைப் பணித்தது. ஆயினும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், சில சிலேற்றுப் பலகைகள் என்ற அளவிலேயே பல பாடசாலைகள் நின்றன. 1970களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறலாயிற்று. இன்றும் தமிழ்மொழி மூலம் உயர்தரம் பயில நெடுந்தூரம் செல்லும் பிள்ளைகள் இம்மாவட்டங்களில் உளர். அத்தகைய தோட்டமொன்றிலிருந்து ஒருவர் கற்றுத் தேறி, கடல் கடந்து, ஆயிரக்கணக்கான நூல்களின் திறவுகோலைக் கையில் வாங்குவாராயின், அது வெறும் உத்தியோகம் ஆகாது. ஒரு தலைமுறையின் ஏக்கம் நிறைவேறுவதாகும்.

ஆதலின் ஆயத்தம் வேண்டும். 1960இல் தோன்றிய இலங்கை நூலகச் சங்கம் நூலகப் பயிற்சி வகுப்புகளை நடத்தி வருகிறது. புறப்படுமுன் ஒப்பந்தத்தை வரிக்கு வரி வாசித்தல் வேண்டும். சம்பளம், உறைவிடம், பயணச் செலவு, விடுமுறை ஆகியவை எழுத்திலே இருத்தல் அவசியம். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிவு செய்துகொள்வதையும் மறத்தலாகாது. கடன்பட்டுத் தரகருக்குப் பணம் கொடுத்துப் பின் கண்ணீர் விட்டோர் கதைகள் நம் தோட்டங்களுக்குப் புதியன அல்ல.

பணியில் அமர்ந்த முதல் மாதத்தில் எதையும் மாற்ற விரையாதிருத்தல் நலம். தட்டுகளிடையே நடந்து, எந்த நூல் தேய்ந்திருக்கிறது, எந்த நூல் தூசி படிந்திருக்கிறது என்று பார்த்தாலே அப்பாடசாலையின் மனம் விளங்கிவிடும். ஆசிரியர் அடுத்த தவணையில் எதைக் கற்பிக்கப் போகின்றனர் எனக் கேட்டறிதல் வேண்டும். 1968இல் ஜெனீவாவில் நிறுவப்பெற்ற சர்வதேசப் பாக்கலோரியா அமைப்பின் டிப்ளோமாத் திட்டத்திலே, மாணவர் 4,000 சொற்களுக்கு மேற்படாத ஆய்வுக் கட்டுரையொன்றை எழுதுதல் வேண்டும். எங்கே தேடுவது, எதை நம்புவது, பிறர் கருத்தை எடுத்தாளும்போது அதனை எவ்வாறு ஒப்புக்கொள்வது என்பவற்றை அவர்களுக்குக் கற்பிப்பதில் நூலகருக்குப் பெரும் பங்குண்டு. அங்கு அவரும் ஓர் ஆசிரியரே.

இனி, தமிழர் கண்ணில் உடனே படும் ஒன்று. பெரும்பாலான பாடசாலைகளில் 1876இல் வெளிவந்த தூயி தசமப் பகுப்பே வழக்கிலுள்ளது. அதில் ஆங்கில இலக்கியத்திற்கு எண் 820, மூன்றே இலக்கங்கள். ஈராயிரம் ஆண்டுத் தமிழிலக்கியமோ, ஏனைய மொழிகளுக்கென ஒதுக்கிய மூலையில், 894.811 என ஆறு இலக்கங்களின் பின்னே நிற்கிறது. இதைக் கண்டு மனம் வருந்துவதிற் பயனில்லை. அந்த எண்ணுக்குரிய தட்டு வெறுமையாய் இராமற் பார்த்துக்கொள்வதே நூலகரின் கடமை. தமிழ்ப் பிள்ளைக்கு மட்டுமன்று, அராபிய, கொரிய, சுவாகிலிப் பிள்ளைகளுக்கும் அவரவர் தாய்மொழி நூல்கள் அங்கே கிடைக்கச் செய்தல் வேண்டும். மலைநாட்டில் நூலின்றி வளர்ந்தவருக்கு, தன் மொழியில் ஒரு நூலைக் காணும் சிறுவனின் மகிழ்ச்சி எத்தகையதென்று எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இரத்தினபுரியில் மணி எடுப்போர், குழியின் அடியிலுள்ள 'இல்லம்' எனப்படும் பரற்படிவைக் கூடையிலிட்டு நீரில் அலசுவர். அலசும்வரை அது வெறுங் கல்லும் மண்ணுமே. நூலகரின் தொழிலும் அத்தகையதுதான். குவியலாய்க் கிடப்பதைப் பகுத்து, வேண்டியவர் கண்ணிற்படச் செய்வது. அக்கலையை அயல்நாட்டிற் கற்றுத் தேர்பவர், தாம் எழுத்தறிந்த தோட்டப் பாடசாலையை நினைவிற் கொள்ளட்டும். விடுமுறைக்கு வரும்போது ஒரு நாளை அங்கே செலவிட்டு, ஓர் அலுமாரி நூல்களை ஒழுங்கு செய்து, அவற்றை இரவல் கொடுக்கும் முறையை மூத்த மாணவர் இருவருக்குப் பழக்கிவிட்டால் அதுவே போதும். அலுமாரியின் சாவி மாத்திரம் மாணவர் கையிலேயே இருக்கட்டும்.