மலைக்குச் சொந்தக்காரன் மனுவோடு நிற்கிறான்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்கு வருகிறவர்களை இந்த மலை தடுப்பதில்லை. கோடை விழாவுக்குக் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. வரட்டும், நம் கடைக்காரர்கள் பிழைக்கட்டும். ஆனால், இதே சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் விளைத்த மலையாளிப் பழங்குடி மக்கள் காப்புக்காட்டு எல்லையைத் தாண்டிக் கடுக்காய் பொறுக்கினால், யாரைக் கேட்டு நுழைந்தாய் என்ற கேள்வி வருகிறது. யாரைக் கேட்க வேண்டும், ஐயா? கலெக்டர் காக்பர்ன் 1820களில் இங்கே காபியைக் கொண்டுவந்தார். காபிக்குப் பின்னால் வந்த எஸ்டேட்டுக்குப் பட்டா இருக்கிறது. காபிக்கு முன்பே இருந்தவன் மனுவோடு நிற்கிறான்!

சட்டம் இல்லாமலா நிற்கிறான்? 2006இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டம் நிறைவேற்றியது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே உழுதுவரும் நிலத்தில் 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு. தேனுக்கும் கடுக்காய்க்கும் உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 2008இல் வந்த நீதிமன்ற உத்தரவால் உரிமை வழங்கல் முடங்கி, 2016இல்தான் அந்தத் தடை நீங்கியது. எட்டு ஆண்டு! ஏற்காடு பழங்குடியினருக்கென்றே ஒதுக்கிய தொகுதி. ஓட்டுக் கேட்க மட்டும் ஊர் ஊராக ஏறியவர்கள் அந்த எட்டு ஆண்டும் எங்கே போனார்கள்? பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும்.

மனிதன் நடமாடினால் காடு அழியும் என்கிறார்கள். காட்டின் மேல் அக்கறையோடு சொல்கிறவர்களை மதிக்கிறேன். ஆனால் இந்த மலையைத் தோண்டி பாக்சைட் வெட்டியது சாமை விதைத்தவனா? குத்தகை வாங்கிக்கொண்டு வந்த கம்பெனி! பாதை போட்டால் மரம் போகும் என்கிறார்கள். அதற்கும் சட்டமே அளவு வைத்திருக்கிறது: பள்ளிக்கோ பாதைக்கோ ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் போகாமல், கிராம சபை பரிந்துரைத்தால் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? 2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் இறந்தது. பாதை முடிந்த இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றுவிட, பிள்ளையின் உடலைக் கையில் ஏந்தி மலை ஏறி நடந்தாள் அந்தத் தாய். காட்டைக் காக்கிறோம் என்கிறவர்கள் அந்தத் தாய்க்குப் பதில் சொல்லட்டும்!

ஆகவே கிராம சபையைக் கூட்டுங்கள். சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும், அதில் வந்து உட்காருங்கள் தாய்மார்களே. உரிமை கோரக் காகிதம் இல்லையே என்று கலங்க வேண்டாம். ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வைத்தால் அதுவும் சாட்சியம். உங்கள் கிணறும் கோயிலும் முன்னோரைப் புதைத்த இடமும் சாட்சியம் என்று விதியிலேயே இருக்கிறது.