பாதரசச் சுரங்கம் விட்டுச் சென்றது

கோரிமேட்டுச் செம்மண்ணின் சிவப்பு இரும்பினால் உண்டானது. சாதிலிங்கத்தின் சிவப்போ பாதரசமும் கந்தகமும் கூடியதனால் வருவது.

ஐரோப்பாவில், ஸ்லோவேனியா தேசத்துப் பொட்லியூபெல் என்னும் மலைக்கிராமத்தில், சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் சாதிலிங்கம் மெல்லிய ரேகைகளாகப் படிந்திருந்தது. 1557 முதல் 1902 வரை, இடையிடையே நின்றும், அங்கே சுரங்கம் நடைபெற்றது. சுமார் 1,10,000 டன் தாதுவினின்று கிடைத்த பாதரசம் 360 டன்னே. தாதுவைச் சூளையில் வறுத்து, எழும் ஆவியைக் குளிர்வித்துப் பாதரசம் சேகரித்தனர். தப்பிய ஆவியும் கொட்டிய கழிவும் சுற்றுப்புற மண்ணில் தங்கின. சுரங்கம் மூடி நூறாண்டு கழிந்த பின்னும் ஆராய்ச்சியாளர் அம்மண்ணில் பாதரசம் மிகுந்திருக்கக் கண்டனர்.

கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட உஷ்ணமானித் தொழிற்சாலையின் நிலத்திலும் பாதரசம் எஞ்சியது. ஆதலின், சுரங்கமோ ஆலையோ இருந்த நிலத்தைச் சங்கம் சாகுபடிக்கு ஏற்குமுன், மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதிப்பித்தல் அவசியமாகும்.