காலிமுகத்திடலில் நம்முடைய ஏழு ஆசனங்கள்

(தோட்டத் தலைவர்கள், மாதர் அணி, இளைஞர் அணி கலந்துகொண்ட நுவரெலியாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழும்புக்குப் போய் வந்ததைப் பற்றி இந்தக் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். திரும்பி வந்த நாளிலிருந்து லயத்தில் எல்லோரும் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: கடலைப் பார்த்தீர்களா, என்ன வாங்கினீர்கள்? கடலையும் பார்த்தோம். இஸ்ஸோ வடையும் சாப்பிட்டோம். ஆனால் கடலைப் பார்த்துக்கொண்டு அங்கே ஒரு கட்டடம் நிற்கிறது. அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

காலிமுகத்திடலின் வடக்குப் பக்கத்தில், பெரிய பெரிய தூண்களோடு நிற்கும் பழைய பாராளுமன்றம் அது. இப்போது ஜனாதிபதி செயலகம். நினைத்தபடி உள்ளே போக முடியாது, அதனால் வெளியே நின்றுதான் பார்த்தோம். 2022ல் போராட்டக்காரர்கள் கூடாரம் அடித்து மாதக்கணக்கில் இருந்தது அதன் வாசலில்தான் என்று சொன்னால் இளைஞர்களுக்கு உடனே விளங்கும். எங்களோடு வந்த ஒரு அக்கா கேட்டார்: "கட்டடம் பெரிசாத்தான் இருக்கு. இதுக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?"

நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

1930 ஜனவரி 29ஆம் திகதி ஆளுநர் ஹெர்பர்ட் ஸ்டான்லி அந்தக் கட்டடத்தைத் திறந்து வைத்தார். அடுத்த வருடம், 1931ல், இலங்கையில் முதல் தடவையாகச் சர்வசன வாக்குரிமையில் தேர்தல் நடந்தது. நம் ஆட்களுக்குச் சில கட்டுப்பாடுகள் இருந்தாலும், நிறையப் பேர் வாக்களித்தார்கள். ஹட்டன் தொகுதியிலிருந்து போன பெரி சுந்தரம் அரசாங்க சபையில் தொழில் அமைச்சரானார். கட்டடத்துக்கு ஒரு வயது ஆனபோதே மலையகத்துப் பிள்ளை ஒருவர் அங்கே அமைச்சர்! 1936ல் அதே ஹட்டனிலிருந்து கோ. நடேசய்யர் போனார். அவரும் மனைவி மீனாட்சி அம்மையாரும் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிச் சங்கம் கட்டியவர்கள். அம்மையார் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தவர். மாதர் அணியினர் அந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் இறந்தார். தொழிற்சங்கப் போராட்டத்தில் உயிர் கொடுத்த நம் முன்னோடி அவர். அந்தத் தோட்டத்து வழக்குகள் விடயத்தில் உள்நாட்டு அமைச்சர் கொடுத்த உத்தரவை வெள்ளைக்காரப் பொலிஸ் மா அதிபர் ஏற்கவில்லை. ஆளுநர் பொலிஸ் பக்கம் நின்றார். பெப்ரவரியில் அமைச்சர்கள் கூட்டாக ராஜினாமாச் செய்தார்கள். கோவிந்தன் அந்தக் கட்டடத்தைக் கண்டிருக்கவும் மாட்டார். ஆனாலும் அந்தச் சூட்டின் சத்தம் அங்கே கேட்டது.

இனி 1947. சுதந்திரத்துக்கு முந்திய அந்தப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் வென்றார்கள். நுவரெலியா சௌ. தொண்டமான், தலவாக்கலை சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலை கே. குமாரவேலு, மஸ்கெலியா ஜி.ஆர். மோத்தா, நாவலப்பிட்டி கே. இராஜலிங்கம், பதுளை எஸ்.எம். சுப்பையா, அளுத்நுவர டி. இராமானுஜம். பெயர்களை மெதுவாக வாசித்ததற்குக் காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகளிடம் கேட்டால் இரண்டு பெயருக்கு மேல் வருவதில்லை. கொழுந்து எடுத்த கைகள் போட்ட வாக்கில் அந்த ஏழு பேரும் அந்தத் தூண்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். வேறு பல தொகுதிகளில் நம் வாக்குகள் இடதுசாரிகளுக்கும் போயின. ஆட்சியில் இருந்தவர்களை உறுத்தியதில் அதுவும் உண்டு.

சுதந்திரம் கிடைத்த அதே 1948ல், அதே மண்டபத்தில், 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தவர் என்றால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். யோசித்துப் பாருங்கள். பிரட்டுக்களத்தில் பேர் போட்டார்கள், செக்ரோலில் பேர் இருந்தது, கொழுந்து நிறுத்த கணக்கிலும் பேர் இருந்தது. தகப்பனின் பிறப்புச் சான்றிதழ் எந்த லயத்தில் இருந்தது? நம் ஏழு பேரும் எதிர்த்தார்கள். என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பீட்டர் கெனமன் போன்ற இடதுசாரித் தலைவர்களும், செல்வநாயகமும் எதிர்த்தார்கள். சிங்களவர் எல்லோரும் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம் என்று யாராவது சொன்னால் இந்தப் பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதிர்த்தும் சட்டம் நிறைவேறியது.

1949 ஜனவரியில் பிரித்தானியப் பாராளுமன்றம் நம் பாராளுமன்றத்துக்கு சபாநாயகர் ஆசனமும் செங்கோலும் அன்பளிப்பாகக் கொடுத்தது. ஜனநாயகத்தின் அடையாளமாம். அதே வருடம்தான் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்றார்கள். புதுச் செங்கோல் உள்ளே வந்தது, நம் பெயர் இடாப்பிலிருந்து வெளியே போனது.

அந்த வருடமே 3ஆம் இலக்கச் சட்டத்தின்படி மனுப் போடலாம் என்றார்கள். திருமணமானவர்களுக்கு ஏழு வருடம், மற்றவர்களுக்குப் பத்து வருடம் தொடர்ந்து இங்கே இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின. ஏற்றுக்கொண்டது 1 லட்சத்து 34 ஆயிரம் பேர் அளவில்தான். 1952 ஏப்ரலில் கொழும்பில் நம் தலைவர்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள், மாதக்கணக்கில் நடந்தது. அந்த வருடத் தேர்தலில் நம் ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட நமக்கு இல்லை.

1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். கொழுந்துக் கூடையை நிறுப்பது போல. அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கின்றன. அதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

வாக்களித்து நம் ஆள் ஒருவரை மறுபடியும் அந்தக் கட்டடத்துக்கு அனுப்ப 1977 வரை ஆனது. நுவரெலியா - மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் தொண்டமான் வென்றார். முப்பது வருட இடைவெளி. ஐந்து வருடத்தில், 1982 ஏப்ரல் 29ல், பாராளுமன்றமே கோட்டேக்கு மாறிவிட்டது. நாடற்றவர் என்று எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் புதிய கட்டடத்தில்தான் நிறைவேறியது. ஆகவே, அந்த அக்காவின் கேள்விக்குப் பதில்: நம் கடதாசியை எடுத்ததும் அங்கேதான்.

அடுத்த பயணம் கோட்டேக்கு. தியவன்னா ஓயாவின் நடுவில் ஜெப்ரி பாவா வடிவமைத்த கட்டடம் அது, செப்புக் கூரை போட்டது. சபை நடக்கும்போது பொதுமக்கள் கலரியில் உட்கார்ந்து பார்க்க வழி இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும், அந்த வேலையைச் சங்கக் காரியாலயம் பார்க்கும். சம்பளத்தைப் பற்றி, காணியைப் பற்றிப் பேசும் நாளில் நம் ஆட்கள் மேலே இருந்து பார்த்தால், கீழே இருப்பவர்கள் கொஞ்சம் யோசித்துப் பேசுவார்கள் என்பது எங்கள் எண்ணம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. பெரியவர்கள் போவதற்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும். பெயர் எடுக்கும்போதுதான் தெரிந்தது, அட்டை இல்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். வெட்கப்பட ஒன்றும் இல்லை, எழுதியவர்கள் பிழையாக எழுதியது. அட்டை இல்லாதவர்கள், 15 வயது முடிந்த பிள்ளைகள் உட்பட, பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியோடு வாற ஞாயிற்றுக்கிழமை காலை காரியாலயத்துக்கு வாருங்கள். விண்ணப்பம் நிரப்ப நாங்கள் இருப்போம். கிராம உத்தியோகத்தரிடமோ தோட்ட நிர்வாகத்திடமோ கையெழுத்து எடுக்கவும் கூட வருவோம். பயணத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள் அன்றைக்கே தோட்டத் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள். பஸ்ஸில் இடம் குறைவு.