நாவல் என்று போட்டுக்கொள்ளலாமா?

(பிள்ளைப்பாக்கத்தில் இளம் தொழிலாளர்களின் வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



உங்களில் சிலர் சொந்த வாழ்க்கையை எழுதத் தொடங்கியிருக்கிறீர்கள். "தன்வரலாறு என்று போடுவதா, நாவல் என்று போடுவதா? எதைப் போட்டால் என்ன?" என்று கேட்டீர்கள். சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. லைனில் ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவர் 'பர்மனென்ட்', இன்னொருவர் 'டிரெய்னி'. அந்த ஒரு சொல்லில் சம்பளமும் உரிமையும் மாறிவிடுகின்றன. புத்தகத்தின் மேல் ஒட்டும் சொல்லும் அப்படித்தான்.

1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' நூலைத் தன்வரலாறு என்றும் சொன்னார்கள், நாவல் என்றும் சொன்னார்கள். நாவல் என்றால் வாசகர் "கதைதானே" என்று நழுவிவிடலாம். தன்வரலாறு என்றால் நழுவ முடியாது. இது எந்தத் தெருவில் நடந்தது, செய்தது யார் என்று கேட்டே ஆக வேண்டும். நடந்ததை எழுதிவிட்டு நாவல் என்று போடுவது, அந்தக் கேள்வியிலிருந்து ஊரைத் தப்பவிடுவது.

அப்படியானால் ஒவ்வொரு வரியும் எஃப்.ஐ.ஆர். மாதிரி இருக்க வேண்டுமா? வேண்டாம். 'பாமா' என்பதே புனைபெயர்தான். உங்களோடு இன்னும் லைனில் நிற்கும் நண்பரின் பெயரை மாற்றுங்கள். மாற்றியிருக்கிறேன் என்று முன்னுரையில் சொல்லுங்கள். அது பாதுகாப்பு. ஆனால் வாடகை வீடு கேட்டபோது "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டது வீட்டுக்காரர் என்றால், அதை வீட்டுத் தரகர் தலையில் கட்டாதீர்கள். அது பொய்.

குவாத்தமாலாவின் ரிகோபெர்ட்டா மென்சுவுக்கு 1992இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் நேரில் கண்டதாகச் சொன்னவற்றில் சில அப்படி நடக்கவில்லை என்று 1999இல் டேவிட் ஸ்டால் என்ற மானுடவியலாளர் எழுதினார். அதே ஆண்டு ஐ.நா. ஆதரவு பெற்ற உண்மை ஆணையம், அங்கே மாயன் மக்கள்மீது இனப்படுகொலைச் செயல்கள் நடந்தன என்று அறிவித்தது. படுகொலை உண்மை. ஆனாலும் அந்தச் சில பக்கங்களைப் பிடித்துக்கொண்டு முழுக் கதையையும் தள்ளிவிடப் பலருக்கு வசதியாயிற்று. நம் பேச்சை நம்ப மறுக்கக் காரணம் தேடுபவர்கள் இங்கேயும் உண்டு. அதனால் கண்டதைக் 'கண்டேன்' என்றும், கேட்டதை 'அம்மா சொல்லிக் கேட்டேன்' என்றும் எழுதுங்கள். மறந்ததை 'நினைவில்லை' என்று எழுதுங்கள். எழுத்தின் வலு அதனால் குறையாது.

பாபாசாகேப் பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல், ஒரு பார்சி விடுதியின் பதிவேட்டில் பார்சி பெயரைக் கொடுத்து 11 நாள் தங்கினார். பிறகு தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. தான் சொன்ன அந்தப் பொய்யையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு பொய்யைச் சொல்ல வைத்தது எது என்பது அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

கடைசியாக ஒன்று. 'கருக்கு' வெளிவந்ததும் பாமாவின் சொந்த மக்களே கோபப்பட்டார்கள். அவரால் சில மாதங்கள் ஊருக்குள் போக முடியவில்லை. பின்னால்தான் அவர்கள் அந்தப் புத்தகத்தைத் தங்களுடையதாக ஏற்றார்கள். நம் வாழ்க்கையில் நம் அம்மா, தங்கை, அறைத்தோழர் எல்லாருடைய வாழ்க்கையும் கலந்திருக்கிறது. அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்துவதைத் திருத்துங்கள். அதன் பிறகு 'தன்வரலாறு' என்றே துணிந்து போடுங்கள்.